அந்த வாளைச் சுழற்ற வேண்டாம், தம்பி

உடைந்த பொருளைப் பார்த்து அது ஏன் உடைந்தது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஜப்பானில், நகோயாவில் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் மேசைக்கு வருவதெல்லாம் அறுந்த போல்ட், பல் போன கியர், விரிசல் விட்ட வார்ப்பு. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்த போன் மட்டும் வேறு மாதிரி.

"அண்ணா, கத்தானா உடைஞ்சு போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா கை நடுங்குது, கொஞ்சம் வர முடியுமா?"

தம்பி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நினைவாக இருக்கட்டும் என்று ஒரு சுற்றுலாக் கடையில் கத்தானா, அதாவது ஜப்பானிய வாள், வடிவில் ஒரு அலங்கார வாள் வாங்கியிருக்கிறார். கறுப்பு உறை, பட்டுக் கயிறு, மரத் தாங்கி எல்லாம் உண்டு. பெட்டியில் கட்டுவதற்கு முன் ஒரு வீடியோ எடுக்கலாம் என்று மகன் சொல்ல, வீட்டுப் பின்பக்கம் ஸ்டூலில் தண்ணீர் பாட்டிலை வைத்து வீசியிருக்கிறார். மூன்றாவது வீச்சு பாட்டிலைத் தவறவிட்டு ஸ்டூல் விளிம்பில் பட்டது. பிடி கையில் இருந்தது, அலகைக் காணோம். அது எட்டடி தள்ளிப் பையனின் சைக்கிள் கூடையில் கிடந்தது. பையன் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் கைக்காப்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே உடைந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் குரோமியப் பூச்சு, அதுவும் வெங்காயத் தோல் அளவுக்குத்தான். உள்ளே மங்கின சாம்பல் நிறத்தில் சர்க்கரை போலப் பொடிப்பொடியான மணிகள். நடுவில் எள் அளவில் ஒரு குழி, அதைச் சுற்றி ஊசிமுனைத் துளைகள். இட்லியைப் பிட்டால் தெரியுமே, அப்படி. உருகிய உலோகத்தை அழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளும்போது சிக்கிக்கொண்ட காற்று அது. வளைந்ததற்கான அடையாளம் கொஞ்சம்கூட இல்லை. நல்ல எஃகு என்றால் பெரும்பாலும் உடைவதற்கு முன் சற்றாவது வளைந்து காட்டும். இது பிஸ்கட் மாதிரி போயிருந்தது.

துத்தநாகக் கலவை. கார் கதவுக் கைப்பிடி, பூட்டு, பொம்மைக் கார் செய்கிற அதே சாதி. 400 டிகிரிக்குள் உருகிவிடும், நுணுக்கமான அச்சிலும் அழகாக நிரம்பும், பூச்சு நன்றாகப் பிடிக்கும். அலங்காரத்துக்கு அருமையான பொருள்தான். ஆனால் அடியைத் தாங்காது, குளிரில் இன்னும் மோசம். பூஜ்ய டிகிரியை நெருங்கினால் அதன் தாங்கும் சக்தி சட்டென்று சரியும். ஜனவரிக் காலை, வாசலில் பனி. தம்பிக்கு நேரமும் சரியில்லை.

"ஏமாத்திட்டாங்களா அண்ணா?" என்று கேட்டார். இல்லை. ஜப்பானில் அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். இங்கே துப்பாக்கிக்கும் வாளுக்கும் ஒரே சட்டம். 15 செ.மீ.க்குக் குறையாத எஃகு அலகு உள்ள வாளைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது. அந்தச் சான்றிதழைத் தருவது போலீஸ் அல்ல, அந்தந்த மாகாணத்தின் கல்வி வாரியம். வாள் இங்கே கலைப்பொருள் கணக்கில் வருகிறது. ஆகவே சான்றிதழ் இல்லாமல் கடையில் தொங்குவதெல்லாம் கூர் ஏற்ற முடியாத துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவைதான். பெட்டியிலும் எழுதியிருக்கும், ஜப்பானிய மொழியில், பொடி எழுத்தில்.

அசலைப் பார்க்க வேண்டுமானால் நகோயாவிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் செகி ஊருக்குப் போகலாம். கொல்லர்கள் அடிப்பதைக் காட்டும் நாட்கள் உண்டு. ஷிமானே மாகாணத்தில் இரும்பு மணலையும் கரியையும் மூன்று நாள் இரவு பகலாக எரித்து எடுக்கிற தமஹகானே எஃகை மடித்து மடித்து அடிக்கிறார்கள். அப்புறம் களிமண் பூச்சு. முதுகில் கனமாக, கூர் விளிம்பில் மெல்லிசாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல் கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளகலாகவே நிற்கும். கடினமான எஃகு கொஞ்சம் பருமன் கூடும். விளிம்பு நீள, முதுகு பின்வாங்க, வாள் தானாக வளைந்துகொள்கிறது. விளிம்பில் ஓடும் அலைக்கோடு அந்த இரண்டு எஃகும் சந்திக்கிற எல்லை. நம் தம்பியின் வாளிலும் அலைக்கோடு உண்டு, அது மேற்பரப்பில் போட்ட வேலைப்பாடு மட்டும். என் தொழிலில் நான் பார்த்த வெப்பப் பதப்படுத்தல்களில் அசல் வாளுக்குச் செய்வதைப் போல இத்தனை கச்சிதமான ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு வித்தியாசம் பிடிக்குள் ஒளிந்திருக்கிறது. அசல் வாளில் அலகின் வால் அகலமாகப் பிடிக்குள் நெடுந்தூரம் போகும், ஒரு மூங்கில் ஆணி அதைப் பிடித்துக்கொள்ளும். இயாய்தோ என்கிற, வாளை உறையிலிருந்து உருவி வீசும் கலையைப் பழகுகிறவர்கள் தினமும் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான். அவர்களின் பயிற்சி வாளும் பெரும்பாலும் கலவை உலோகம்தான். ஆனால் தரமான வேலை, அப்படியும் அதால் எதையும் அடிக்க மாட்டார்கள், காற்றைத்தான் வெட்டுவார்கள். மலிவான அலங்கார வாளில் வால் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வருவது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. பலதில் அலகோடு ஒரு மரையிட்ட கம்பியைப் பற்றவைத்துப் பிடிக்குள் செருகியிருப்பார்கள். இந்த வகை எஃகு பற்றவைத்த இடத்தில் நொறுங்கும் தன்மை அடையும், அதுவும் சரியாகக் கைக்காப்புக்குக் கீழே, வீசும்போது அதிகபட்ச விசை விழும் இடத்தில். சிலர் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டுகிறது, ஆகவே நல்ல எஃகு என்று முடிவுகட்டுகிறார்கள். சமையலறைத் தட்டில் காந்தம் ஒட்டாமல் இருக்கலாம், ஆனால் கத்தி செய்யும் 420, 440 ரகத் துருப்பிடிக்காத எஃகில் நன்றாகவே ஒட்டும். காந்தம் ஒட்டவில்லை என்றால் துத்தநாகம் அல்லது அலுமினியம் என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். ஒட்டினால் ஒன்றும் நிரூபணமாகாது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிடியைக் கழற்றி வாலைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? தயங்கினால், தாங்கியில் வைத்து அழகு பார்க்க மட்டும் வாங்குங்கள். தாங்கியையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கூர் இல்லாவிட்டாலும் முனை முனைதான்.

உடைந்த துண்டுகளை என் ஆய்வகத்துக்கு ரயிலில் எடுத்து வரவா என்று தம்பி கேட்டார். கூடாது என்றேன். போலி வாளைக்கூடத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்வது இங்கே குற்றம். கடையில் வாங்கிக் கட்டிய பெட்டியோடு நேரே வீட்டுக்கு வருவது வேறு கதை, உடைந்த அலகைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறுவது வேறு கதை. முழு வாளாக இருந்திருந்தாலும் விமானத்தில் கைப்பையில் ஏறாது. இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் அலகு உள்ள வாள் இருக்கிறது. எக்ஸ்ரேயில் பார்க்கிற அதிகாரிக்கு அது துத்தநாகம் என்று எப்படித் தெரியும்? வாங்குவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் குப்பையில் போடுவதிலும் சிக்கல். பிடியோடு ஒட்டியிருந்த துண்டு சின்னது. அலகு 30 செ.மீ.யைத் தாண்டியதால் நகோயா கணக்கில் அது பெருங்குப்பை, முன்பதிவு செய்து கட்டண வில்லை ஒட்ட வேண்டும். செய்தித்தாளில் சுற்றி, அட்டையில் வைத்துக் கட்டி, மேலே 'அபாயம்' என்று பையன்தான் எழுதினான். கறுப்பு உறை மட்டும் பெட்டியில் ஊருக்குப் போயிருக்கிறது.