பனியில் விமானம் நின்றால்: வன்னியிலிருந்து போய் வருவோர் கேட்டு வாங்க வேண்டியவை

"வானிலைப் பிரச்சினை, எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது" என்று கவுண்டரில் சொல்வதில் பாதிதான் சரி. பனியால் விமானம் நின்றால் நட்டஈடு கிடையாது, அந்தப் பாதி சரி. ஆனால் சாப்பாடு, ஹோட்டல், மாற்று விமானம் அல்லது முழுக்காசு ஆகியவை பனியென்றாலும் தரவேண்டியவை. இதை அவர்களாக வந்து சொல்வது குறைவு. பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் தகப்பன்மார்தான் இது தெரியாமல் கதிரையில் இரவைக் கழிக்கிறார்கள்.

ரொறன்ரோவில் கொட்டுகிற பனியில் கொஞ்சம் விழுந்தாலே லண்டன் ஏன் முடங்குகிறது? வருடத்தில் சில நாள் பனிக்காக அத்தனை வண்டியும் ஆட்களும் வாங்கி வைப்பதில்லை. இறக்கையில் ஐஸ் இருந்தால் விமானம் ஏறக்கூடாது. சூடாக்கிய கிளைக்கோல் கலவையை அடித்து அதைக் கரைக்கிறார்கள். பனி விழுந்துகொண்டிருந்தால் அந்தக் கலவை மறுபடி ஐஸ் பிடிக்காமல் காக்கும் நேரம் கொஞ்சம்தான். ஓடுபாதை வரிசையில் அதற்குமேல் நின்றால் திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிடும். 2010 டிசம்பர் 18இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டபோதும் பனி நின்ற பிறகு சீராகப் பல நாள் சென்றது. ஆகவே "இன்னும் இரண்டு மணித்தியாலம்" என்பதை நம்பிப் பசியோடு இருக்காதீர்கள்.

சட்டம் எது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 ஒழுங்குவிதி. சுவிஸிலும் அது நடைமுறையில் உண்டு. பிரித்தானியா அதையே யூ.கே. 261 என்று வைத்திருக்கிறது. முதல் பொறி இங்கேதான். அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும் இதற்குள் வரும். இங்கிருந்து அங்கே போகும்போது, பிரித்தானியாவுக்கு என்றால் விமானத்தை ஓட்டுவது பிரித்தானிய அல்லது ஐரோப்பிய நிறுவனமாகவும், ஐரோப்பாவுக்கு என்றால் ஐரோப்பிய நிறுவனமாகவும் இருந்தால்தான் வரும். லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஸ்ரீலங்கன் விமானத்தில் வருபவருக்கு உரிமை உண்டு, அதே விமானத்தில் கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் போகிறவருக்கு இல்லை. டோஹா, டுபாய் வழியும் அப்படித்தான்: ஒரே ரிக்கெற்றாக லண்டனில் தொடங்கினால் கொழும்பு வரை காப்பு, கொழும்பில் தொடங்கி வளைகுடா நிறுவனத்தில் போனால் இல்லை. அப்படி டோஹாவில் மாட்டினால் அந்த நிறுவனத்தின் சொந்த விதிப்படி தருவதைக் கேட்டு வாங்குங்கள், சட்டத்தைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மலிவுக்காக இரண்டு தனித்தனி ரிக்கெற் எடுத்தவர்களின் பாடு இன்னும் மோசம். முதல் விமானம் பனியில் பிந்தி இரண்டாவது போய்விட்டால், இரண்டாம் நிறுவனம் பொறுப்பெடுக்காது.

கொழும்பு 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் என்பதால், 4 மணித்தியாலம் தாமதமாகும் என்று தெரிந்ததுமே சாப்பாடும் குடிபானமும் தரவேண்டும். இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும், போய்வர வாகனமும் அவர்கள் செலவு. இதற்கு நாள் கணக்கு எல்லை இல்லை என்று, 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வழக்கொன்றில் 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுண்டரில் ஆளில்லை, ஹோட்டல் முடிந்துவிட்டது என்றால் நீங்களே அளவாகச் செலவழித்து, பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் படமெடுத்து வையுங்கள். வங்கி அட்டைத் துண்டு மட்டும் போதாது, என்ன வாங்கினீர்கள் என்று எழுதிய பில் வேண்டும். மதுபானம் சேர்ந்த பில்லை நீட்டாதீர்கள்.

எங்கள் ஆட்கள் ஹோட்டலுக்குப் போவதைவிட லண்டனில் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் மருமகன் வீட்டுக்குத்தான் போவார்கள். சட்டத்தில் தங்குமிடம் "ஹோட்டல் அல்லது வேறிடம்" என்றே இருக்கிறது. ஆகவே வீட்டுக்குப் போய்வந்த டாக்சிக் காசையும் கேட்கலாம். பில் இல்லாமல் தெரிந்தவரின் காரில் போய்விட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்த பொறி கைத்தொலைபேசிக்கு வரும் செய்தி. "பணத்தைத் திரும்பப் பெற இங்கே அழுத்தவும்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கதை முடிந்தது: மாற்று விமானம் தரும் பொறுப்பும், அதுவரை சோறும் ஹோட்டலும் தரும் பொறுப்பும் அவர்களிடமிருந்து கழன்றுவிடும். அன்றைக்குப் புது ரிக்கெற் மூன்று மடங்கு விலை சொல்லும். ஊருக்கு வந்துசேர வேண்டியவர் மாற்று விமானத்தையே கேளுங்கள். அவர்களுடையது ஐந்து நாள் கழித்துத்தான் என்றால், வேறு நிறுவனத்தில் முந்தி இடமிருப்பதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். காசுதான் வேண்டுமென்றால் ஏழு நாளுக்குள் தரவேண்டும். வவுச்சர் உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் செல்லாது, விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பனி எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, அவர்கள் ரத்துச் செய்யமுன் நீங்களே ரத்துச் செய்வதும் கூடாது. அது உங்கள் விருப்ப ரத்து, தண்டப்பணம் வெட்டுவார்கள்.

ஏஜென்சியில் எடுத்த ரிக்கெற்றில் பெரும்பாலும் ஏஜென்சியின் இலக்கமும் மின்னஞ்சலும்தான் பதிந்திருக்கும். ரத்துச் செய்தி வவுனியாக் கடையின் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கும், பயணி ஹீத்ரோவில் நிற்பார். புறப்படமுன் ஆறெழுத்துப் பதிவு இலக்கத்தையும் குடும்பப் பெயரையும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, உங்கள் இலக்கத்தையும் பிள்ளையின் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். காசு திரும்பும்போதும் அது ஏஜென்சி வழியாகவே வரும். நிறுவனம் அவரைக் காட்ட, அவர் நிறுவனத்தைக் காட்ட, மாதங்கள் ஓடும். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள், அப்போது ஒருவர்மேல் ஒருவர் சாட்ட முடியாது.

மாற்றுப் பாதைக்குத் தலையாட்டமுன் கடவுச்சீட்டைப் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் பிராங்பேர்ட், பாரிஸ் போன்ற செங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விமான நிலையங்களில் விமானம் மாறவே தனி விசா வேண்டும். லண்டனில் மாறவும் பொதுவாக அப்படித்தான். கனடா விசா போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கவுண்டரில் உள்ளவர் இதைக் கவனிக்காமல் பாதையை மாற்றித் தருவார், ஏறும் வாசலில் இன்னொருவர் மறிப்பார். "என்னிடம் அந்த விசா இல்லை, வேறு வழி தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

செங்கன் விசா முடிகிற நாளிலேயே திரும்பும் ரிக்கெற் போடாதீர்கள். போட்டு மாட்டிவிட்டால், ரத்துக் கடிதத்தோடு விசா முடியமுன் அந்நாட்டு அதிகாரிகளிடம் போங்கள். தவிர்க்க முடியாத காரணத்துக்கான நீடிப்பு இலவசம்.

இனி நட்டஈடு. இவ்வளவு தூரத்துக்கு யூ.கே.யில் 520 பவுண்ட், ஐரோப்பாவில் 600 யூரோ. பனி என்றால் இல்லைதான், ஆனால் பனிதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். அதே நேரத்தில் மற்ற விமானங்கள் ஏறியிருந்தால் புறப்பாட்டு நேரம் காட்டும் பலகையைப் படமெடுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பனி நின்று இரண்டு நாளுக்குப் பிறகும் அதே "வானிலை" என்றால் விடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் பிணக்குத் தீர்ப்பு அமைப்புக்கு அல்லது பிரித்தானிய சிவில் விமான ஆணையத்துக்குப் போகலாம். இங்கிலாந்தில் வழக்குக்கு ஆறு வருடம் அவகாசம் உண்டு. "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று வரும் கம்பனிகள் நாலிலொரு பங்குக்கும் மேல் எடுத்துக்கொள்ளும்.

கனடாவில் விதி வேறு. போகும் வரும் எல்லா விமானத்துக்கும் அது பொருந்தும், ஆனால் வானிலைத் தாமதத்துக்குச் சாப்பாடும் ஹோட்டலும் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய நிறுவனம் 48 மணித்தியாலத்துக்குள் இடம் தரமுடியாவிட்டால், முழுக்காசு அல்லது வேறு நிறுவனத்தில் இடம், நீங்கள் கேட்பது. கனடா போகும் வயதானவர்களுக்குப் பயணக் காப்புறுதி எடுத்தே அனுப்புங்கள்.

கூட்டிவரப் போகிறவர்களுக்கும் ஒன்று. வான் வாடகையையும் காத்திருப்புக் காசையும் நிறுவனம் திருப்பித் தராது. லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்விமானம் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறக்கும். கிளிநொச்சியிலிருந்து வான் அதற்குள் தாராளமாய்ப் போய்ச் சேரும். விமானம் ஏறிவிட்டது என்று தெரியமுன் வானை எடுக்காதீர்கள். டோஹா வழி என்றால் அங்கே இரண்டாவது விமானத்தில் ஏறியதாக வைபரில் செய்தி வந்த பிறகு வெளிக்கிட்டால் போதும். வந்தவர் இரண்டு மணித்தியாலம் வெளியே காத்திருக்க நேரிடலாம், அது இன்னொரு நாள் வான் வாடகையைவிட மலிவு.