பேட்டரிக்கு திரும்பி வர்ற வழி: கார் இன்ஜின்ல எர்த் எப்படி வேலை செய்யுது, எங்க கெட்டுப்போகுது

கார்ல செல்ஃப் அடிச்சா கட கடன்னு சத்தம் மட்டும் வருது, இன்ஜின் சுத்தலன்னா உடனே எல்லாரும் சொல்றது பேட்டரி போச்சு. புது பேட்டரி போட்டும் அதே கதைன்னா அடுத்து செல்ஃப் மோட்டாரை கழட்டிருவாங்க. பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டையையும் அதோட ரெண்டு போல்ட்டையும் கடைசியாத்தான் பாக்குறாங்க, பல வண்டில பாக்குறதே இல்ல. எனக்கு இது ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம், ஏன்னா இதை ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் வச்சு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிரலாம்.

கரண்ட் பேட்டரில இருந்து கிளம்பினா மட்டும் போதாது, திரும்பி பேட்டரிக்கே வந்து சேரணும். கார்ல ஒவ்வொரு லைட்டுக்கும் மோட்டாருக்கும் பாசிட்டிவ் வயர் தனித்தனியா போகும், ஆனா திரும்பி வர்றதுக்கு தனித்தனி வயர் கிடையாது, வண்டியோட இரும்பு பாடியே அந்த வழி, இந்த திரும்பி வர்ற வழியைத்தான் எர்த்னு சொல்றோம். இரும்பு செம்பு அளவுக்கு நல்ல கடத்தி இல்லதான், ஆறு மடங்குக்கு மேல மின்தடை அதிகம், ஆனா பாடி அவ்வளவு அகலமா பெருசா இருக்கிறதால அந்த குறை தெரியறதே இல்ல. இப்ப வர்ற கார் எல்லாத்துலயும் பேட்டரியோட நெகட்டிவ்தான் பாடில சேர்ந்திருக்கும், 1960கள் வரைக்கும் பிரிட்டிஷ் கார்கள் நிறைய பாசிட்டிவை பாடில சேர்த்து வந்துச்சு.

இன்ஜின் கதை வேற. அதிர்வு உள்ள வராம இருக்க இன்ஜினை ரப்பர் மவுண்ட் மேல உக்கார வச்சிருக்காங்க, ரப்பர்ல கரண்ட் போகாது, அதனால பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மின்சார தொடர்பு தானா இருக்காது. ஆனா வண்டிலயே அதிகமா கரண்ட் குடிக்கிற செல்ஃப் மோட்டாரும், கரண்ட் உற்பத்தி பண்ற ஆல்டர்னேட்டரும் இன்ஜின் மேலதான் போல்ட் ஆகி நிக்குது, ரெண்டுக்கும் இன்ஜின் பிளாக்தான், அதாவது இன்ஜினோட உலோக உடம்புதான் எர்த். அதுக்காகத்தான் பேட்டரி நெகட்டிவ்ல இருந்து கியர் பாக்ஸுக்கோ பிளாக்குக்கோ ஒரு தடிமனான கேபிளும், பாடிக்கு இன்னொண்ணும் கொடுத்திருப்பாங்க, சில வண்டில பேட்டரியில இருந்து பாடிக்கு மட்டும் கேபிள் வந்து, அங்க இருந்து இன்ஜினுக்கு ஒரு பின்னல் பட்டை போகும். பின்னலா இருக்கிறதுக்கு காரணம், இன்ஜின் ஆடும்போது அதுவும் கூடவே வளையணும், கெட்டி கம்பியா இருந்தா கொஞ்ச நாள்ல முறிஞ்சிரும்.

இப்ப கணக்கு. சின்ன பெட்ரோல் கார்ல செல்ஃப் அடிக்கும்போது 100ல இருந்து 200 ஆம்பியர் வரைக்கும் ஓடும், 150னு வச்சுக்கலாம். எர்த் பக்கம் ஒரே ஒரு மூட்டுல, அதாவது கேபிள் போல்ட்டோட சேர்ற இடத்துல, 0.01 ஓம் தடை கூடிருச்சுன்னு வைங்க, கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா 150ஐ 0.01 ஆல பெருக்கினா 1.5 வோல்ட் அங்கேயே காணாம போகுது. செல்ஃப் அடிக்கிறப்ப நல்ல பேட்டரியே 10, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும், அதுல ஒன்றரை போனா மோட்டாருக்கு 9 வோல்ட் கிடைச்சாலே பெருசு. அந்த மூட்டுல 1.5 வோல்ட், 150 ஆம்பியர், அதாவது 225 வாட் சூடா மாறுது, ரேடியோ ரிப்பேர் கடையில இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒம்போது சேர்ந்த சூடு ஒரு போல்ட் தலைக்கு அடியில. நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சிட்டு மூட்டுகளை ஜாக்கிரதையா தொட்டுப் பாத்தா எது சூடா இருக்கோ அதுதான் குற்றவாளின்னு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சொல்றதுக்கு காரணம் இந்த கணக்குதான்.

இதை மல்ட்டிமீட்டரோட ஓம் ரேஞ்சுல அளக்கலாமான்னா, முடியாது. மீட்டரோட ரெண்டு வயர் முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சாலே 0.1, 0.2 ஓம்னு காட்டும், நாம தேடுறது அதுல பத்துல ஒரு பங்கு. அதைவிட முக்கியமா மீட்டர் அனுப்புற கரண்ட் ரொம்ப குட்டி, பட்டையில நூறு இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாகூட அது தாராளமா போயிரும், பீப் சத்தமும் வரும், எர்த் நல்லாருக்குன்னு நம்பிருவோம். அந்த ஒத்தை இழை வழியா 150 ஆம்பியர் போகுமா?

அதனால கரண்ட் நிஜமா ஓடும்போதுதான் அளக்கணும். மீட்டரை டிசி வோல்ட்டுல வச்சு, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்து மேல வைங்க, அதை சுத்தி இறுக்கிப் பிடிச்சிருக்கிற கிளாம்பு மேல இல்ல, நடுவுல நிக்கிற ஈயக் கம்பத்து மேலயே. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடமா பாத்து அழுத்திப் பிடிங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்த மட்டும் செய்யணும்னா ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு, கியர் நியூட்ரல்ல இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, வேற ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. ரெண்டு மூணு செகண்ட் போதும். மீட்டர்ல 0.2 வோல்ட்டுக்கு உள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு, வேற எங்கயாவது தேடலாம். 0.5க்கு மேல போனா நிச்சயமா எங்கயோ அடைப்பு. இப்ப சிவப்பு முனையை ஒவ்வொரு படியா பின்னாடி கொண்டு வாங்க, லக் (கேபிள் நுனில போல்ட் மாட்டுற ஓட்டை வச்ச உலோகத் துண்டு) மேல, கேபிள் மேல, கிளாம்பு மேல, எந்த படியை தாண்டும்போது எண்ணு சட்டுனு குறையுதோ அந்த மூட்டுதான் கெட்டது. மீட்டரே இல்லன்னா ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒண்ணை பேட்டரி நெகட்டிவ்ல இருந்து நேரா இன்ஜின் பிளாக்குக்கு கொடுத்துட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க, வழக்கமா இழுத்து இழுத்து சுத்துற இன்ஜின் திடீர்னு விறுவிறுன்னு சுத்தினா சந்தேகமே வேண்டாம்.

ஏன் எப்பவும் மூட்டுதான் கெடுது, கேபிள் கெடுறது கம்மி? கண்ணுக்கு வழவழன்னு தெரியற ரெண்டு உலோகம் ஒண்ணை ஒண்ணு தொடும்போது உண்மையில முழுசா தொடறதே இல்ல, நுணுக்கமா பாத்தா ரெண்டு பக்கமும் மேடு பள்ளம், மேடும் மேடும் முட்டுற சில புள்ளிகள்ல மட்டும்தான் தொடர்பு, கரண்ட் முழுக்க அந்த புள்ளிகளுக்குள்ள நெருக்கியடிச்சுத்தான் போகணும். இதை முறையா ஆராய்ஞ்சு மின்தொடர்பு இயலையே உருவாக்கினவர் ராக்னர் ஹோம்ங்கிற ஸ்வீடன் விஞ்ஞானி. போல்ட்டை முறுக்க முறுக்க மேடுகள் நசுங்கி புள்ளிகள் பெருசாகுது, புதுப் புள்ளிகளும் சேருது, தடை குறையுது. அதனாலதான் லக் எவ்வளவு அகலம்ங்கிறதைவிட எவ்வளவு அழுத்தமா உக்காந்திருக்குங்கிறது முக்கியம். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலோ நடுவுல பெயிண்ட், துரு, பாசி ஏதாவது புகுந்தாலோ முதல்ல போறது அந்த புள்ளிகள்தான்.

பானெட்டுக்கு அடியில இன்ஜின் இருக்கிற இடம் அந்த மூட்டுகளுக்கு ரொம்ப கொடுமையான இடம். சூடாகி ஆறுற ஒவ்வொரு தடவையும் உலோகம் விரிஞ்சு சுருங்குது, இன்ஜின் அதிருது, மழையில ரோட்டுத் தண்ணி தெறிக்குது, பேட்டரில இருந்து ஆசிட் ஆவி வருது. இதுல செம்பு லக், அலுமினிய கியர் பாக்ஸ், இரும்பு பாடின்னு மூணு உலோகம் வேற. ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டு நடுவுல உப்புத் தண்ணி இருந்தா அதுவே ஒரு குட்டி பேட்டரி ஆகி, அலுமினியம் தன்னைத்தானே கரைச்சுக்கும், வெள்ளை மாவு மாதிரி பூத்திருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடல் காத்து அடிக்கிற ஊர்ல நிக்கிற வண்டிக்கு இது இன்னும் வேகமா நடக்கும். வெள்ளீயம் பூசின செம்பு லக் வாங்கச் சொல்றது இந்த சண்டையை குறைக்கத்தான்.

சரி பண்றது பெரிய வித்தை இல்ல, ஆனா வரிசை முக்கியம். முதல்ல நெகட்டிவ் கிளாம்பைத்தான் கழட்டணும், ஏன்னா அது மாட்டி இருக்கிறப்ப பாசிட்டிவை கழட்டப் போய் ஸ்பேனர் பாடில பட்டா நேரடி ஷார்ட், நெகட்டிவ் கழண்டுருச்சுன்னா ஸ்பேனர் எங்க பட்டாலும் சர்க்யூட் முழுசாகாது. அப்புறம் எர்த் போல்ட்டை எடுத்து, லக்கோட ரெண்டு பக்கமும், அது உக்கார்ற பரப்பும் உப்புத்தாள் போட்டு பளபளன்னு வர்ற வரைக்கும் தேயுங்க. பாடி பக்கம் பெயிண்ட் இருந்தா லக் அளவுக்கு மட்டும் சுரண்டினா போதும், அதுக்கு மேல சுரண்டினா துருவுக்கு கதவு திறந்து விட்ட மாதிரி. அலுமினியம் தேய்ச்ச உடனே காத்து பட்டு மறுபடி மெல்லிசா ஆக்சைடு பூச ஆரம்பிச்சிரும், அது கரண்ட் கடத்தாது, அதனால தேய்ச்சதும் லேசா வாசலினோ டெர்மினல் கிரீஸோ தடவி உடனே மாட்டிருங்க. கிரீஸ் கரண்ட் கடத்தாதே, அதைப் போய் நடுவுல தடவலாமான்னு கேப்பாங்க, போல்ட் இறுகும்போது மேடுகள்ல இருக்கிற கிரீஸ் பிதுங்கி ஓடிரும், பள்ளத்துல மட்டும் தங்கி தண்ணியும் காத்தும் உள்ள வராம அடைச்சுக்கும். பல் வச்ச வாஷர் போட்டா அது மெல்லிய படலத்தை கீறி உள்ள கடிச்சுப் பிடிக்கும்.

பட்டையையே மாத்தணும்னா 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் சின்ன காருக்கு தாராளம், அரை மீட்டருக்கு ஏறத்தாழ 0.35 மில்லி ஓம்தான், 150 ஆம்பியர்லயும் 0.05 வோல்ட்தான் இழப்பு. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின கேபிள்கள் பாக்க அதே தடிமன்ல விலை கம்மியா கிடைக்கும், அதை இந்த இடத்துக்கு வாங்காதீங்க, தடையும் அதிகம், அதிர்வுல சீக்கிரம் முறியும். லக்கை சரியான டூல்ல அழுத்தி கிரிம்ப் பண்ணணும், சால்டர் ஊத்தினா ஈயம் கேபிளுக்குள்ள ஏறி கெட்டியாகி, அது முடியற இடத்துல ஆடி ஆடி அறுந்துரும்.

இன்ஜின் எர்த் முழுசா போச்சுன்னா கரண்ட் சும்மா நிக்காது, வேற வழி தேடும், அது ஆபத்து. இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கிட்டு இருக்கிற உலோகம் வேற என்ன இருக்கு? பழைய கார்பரேட்டர் வண்டில ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். அந்த மெல்லிசு கம்பி வழியா செல்ஃப் கரண்ட் போக முயற்சி பண்ணி சூடாகி, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகி கேபிள் பிடிச்சுக்கும். காரணமே இல்லாம ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகுதுன்னா எர்த் பட்டையையும் சேர்த்துப் பாருங்க.

சில வண்டில ரெண்டு ஹெட்லைட்டோட எர்த்தும் பாடில ஒரே போல்ட்ல இருக்கும், அது கெட்டா ரெண்டு லைட்டும் மங்கும். ரெண்டு 55 வாட் பல்புக்கு சேர்த்து 9 ஆம்பியர் கிட்ட ஓடும், எர்த்ல 0.15 ஓம் தடை இருந்தா 1.3 வோல்ட்டுக்கு மேல போச்சு, பத்து சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க, ஹாலஜன் பல்புல வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். ராத்திரி நெடுஞ்சாலைல அது உயிர் சமாச்சாரம். அதிக வாட் பல்பு வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு போல்ட்டை கழட்டி தேய்ச்சு மாட்டிப் பாருங்க.

கம்ப்யூட்டர் வச்ச இன்ஜின்ல ஒரு விஷயத்துல கை வைக்கவே கூடாது. ஆக்சிஜன் சென்சார் 0.1ல இருந்து 0.9 வோல்ட்டுக்குள்ளதான் பேசும், மத்த சென்சார்கள் பெரும்பாலும் 0 டு 5 வோல்ட். அதனால சென்சார்களோட எர்த் பாடிக்கு போகாம தனி வயர்ல நேரா ஈசியுவுக்கே (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) போகும், செல்ஃப், ஃபேன் கரண்ட் ஓடுற வழில அது கலக்கக்கூடாதுன்னுதான் அப்படி பிரிச்சு வச்சிருக்காங்க. எர்த்தை பலப்படுத்துறோம்னு அந்த வயரை பாடில சேர்த்தீங்கன்னா, அதுவரைக்கும் சுத்தமா இருந்த சிக்னல்ல பெரிய கரண்ட்டோட ஏற்ற இறக்கம் எல்லாம் வந்து ஏறிக்கும்.

2000களோட தொடக்கத்துல ஜப்பான்ல எர்த்திங் கிட்டுன்னு கலர் கலரா வயர் போடறது பெரிய மோகமா இருந்துச்சு, இப்பவும் ஆன்லைன்ல விக்குது, மைலேஜ் ஏறும் பவர் ஏறும்னு சொல்லி. ஏற்கனவே 0.1 வோல்ட் மட்டும் இழக்கிற நல்ல எர்த்துக்கு பக்கத்துல அஞ்சு வயர் சேர்த்தா அந்த 0.1ல கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். கெட்டுப்போன வண்டில அந்த கிட் நிஜமாவே வித்தியாசம் காட்டும், ஆனா அது ஒரு பட்டையை சுத்தம் பண்ணி கிடைச்சிருக்க வேண்டிய பலன்.

சிக்னல்ல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுற புது வண்டி வச்சிருந்தா நெகட்டிவ் கிளாம்பை உத்துப் பாருங்க, பல வண்டில கிளாம்போட ஒட்டி ஒரு சின்ன பெட்டி, அதுல இருந்து சன்ன வயர் போகும். பேட்டரிக்குள்ள போறதும் வெளிய வர்றதும் எவ்வளவுன்னு எண்ணுற சென்சார் அது. புதுசா எர்த் கேபிள் போடறதா இருந்தாலும், ஹாரன், ஆம்ப்ளிஃபையர் எது மாட்டினாலும், அதை நேரா பேட்டரி கம்பத்துல மாட்டாம சென்சாரைத் தாண்டி பாடி பக்கத்துல இருக்கிற எர்த் போல்ட்டுல மாட்டுங்க, இல்லன்னா அந்த கரண்ட் கணக்குல வராம கம்ப்யூட்டர் பேட்டரி சார்ஜை தப்பா கணிக்கும். எல்லாம் மாட்டி முடிச்சதும் அதே வோல்ட் டெஸ்ட்டை இன்னொரு தடவை பண்ணி, வந்த எண்ணை வண்டி சர்வீஸ் புக்ல எழுதி வைங்க, அடுத்த மழைக்காலம் முடிஞ்சு அளக்கும்போது ஒப்பிட்டுப் பாக்க உதவும்.