முட்டி உள்பக்கம் சாயும் அந்த நொடி

2019 மார்ச் 31, அடிலெய்ட் ஓவல் மைதானம். ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க 53,034 பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது குவார்ட்டரில் எரின் பிலிப்ஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்துவிட்டது. அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

எரின் சின்ன வயதில் பையன்களோடு ஃபுட்டி ஆடியவர். 13 வயதுக்கு மேல் பெண்களுக்கு அங்கே இடமில்லை. பாஸ்கெட்பாலுக்குப் போய் 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 2017இல் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 31. முதல் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

அந்தத் தலைமுறையில் பலர் இப்படி வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்புவது, எம்பிப் பந்தைப் பிடித்து ஒற்றைக்காலில் இறங்குவது, இதெல்லாம் சிறு வயதிலிருந்தே உடம்பில் ஊற வேண்டியவை. பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். இடுப்பு அமைப்பு, ஹார்மோன் என்று காரணம் சொல்வார்கள். அவற்றை நாம் மாற்ற முடியாது. இறங்கும் விதத்தை மாற்றலாம். யாரும் மோதாமலேயே கிழிவதுதான் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மெல்பேர்னில் என் பிசியோ கிளினிக்குக்கு ஃபுட்டி ஆடும் 14 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதிக்கச் சொல்லி, செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். பாதம் தரையைத் தொட்டதும் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. இப்படி இறங்கும்போதுதான் ஏசிஎல் கிழியும் ஆபத்து அதிகம். "பேசாம நிறுத்திடட்டுமா சார்?" என்று அம்மா கேட்டார். வேண்டாம்மா, வார்ம்அப்பை மாற்றினால் போதும் என்றேன். வாரம் இரண்டு முறை, 20 நிமிடம்: இடுப்பு, பின்தொடைத் தசைகளுக்கான பயிற்சி, முட்டி கால்விரலுக்கு நேராக இருக்கும்படி மெதுவாக இறங்கும் பயிற்சி. ஒழுங்காகச் செய்த அணிகளில் ஏசிஎல் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது.

முட்டியில் 'டொக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே காட்டுங்கள். ஆபரேஷன் செய்தால் 9 மாதமாவது ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்த்துத்தான். எரின் 2020இல் மறுபடி களமிறங்கினார். 2022இல் மூன்றாவது கோப்பையும் வென்றார்.

அந்தப் பெண் ஆறு வாரம் கழித்து வந்தாள். அதே பெட்டி, அதே செல்போன். இடது முட்டி நேராக நின்றது. வலதுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது.