பிரேக் ஆயில்: பெயரில் மட்டும்தான் எண்ணெய்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை என்றாலே ஒரு வாடை நினைவுக்கு வரும். ஊட்டியிலிருந்து இறங்கி வரும் கார்களின் சக்கரங்களில் எழும் தீய்ந்த வாடை. கடந்த கோடையில் அந்த வாடையோடு ஒரு கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்குக் கை நடுக்கம் அடங்கவில்லை. பின்னிருக்கையில் மனைவி, வயதான தாய், இரண்டு குழந்தைகள்.

“அண்ணா, பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் நன்றாகப் பிடிக்கிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை” என்றார்.

நானும் மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. எங்கும் கசிவு இல்லை. டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் தட்டு) அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே கடுங்காப்பி நிறம். கொதிநிலை பார்க்கும் கருவியை வைத்தால் 148 டிகிரி காட்டியது. கார் வாங்கி ஆறு ஆண்டு. ஓடியதோ 28,000 கிலோமீட்டர்தான். “ஆயில் எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டேன். “குறைந்திருந்தால் ஊற்றச் சொல்லிவிடுவேன், அண்ணா” என்றார்.

இந்தப் பதிலை வாரத்துக்கு நான்கு பேரிடமாவது கேட்கிறேன். குறைந்ததை ஊற்றுவது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு.

நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது எண்ணெயே இல்லை. பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவம். இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது கிளைக்கால் (glycol) வகை. எண்ணெய் தண்ணீரோடு சேராது. இது காற்றிலுள்ள ஈரத்தைத் தேடிக் குடிக்கும். டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும், சக்கரத்தருகே உள்ள ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கார் ஓடினாலும் போகும், வீட்டு வாசலில் நின்றாலும் போகும். அதனால்தான் குறைவாக ஓடிய கார் என்ற ஆறுதல் இங்கே எடுபடாது.

இந்தத் திரவத்தின் தரத்தை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கான குறைந்தபட்சம் 155 டிகிரி. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. ஊட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் சில நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூடு பேடு வழியாக, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்கும், அதன் பின்னால் நிற்கும் திரவத்துக்கும் ஏறும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். உங்கள் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் பழையபடி நிற்கும். பட்டறைக்கு வரும்போது சாட்சியே மிஞ்சாது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். உங்கள் கார்க் கையேடு அதற்கு முன்பே சொன்னால் அதன்படி செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தேன் நிறத்திலேயே தண்ணீர் ஏறிய திரவத்தையும் பார்த்திருக்கிறேன்.

‘ஆயில்’ என்ற சொல் செய்யும் இன்னொரு தீங்கைச் சொல்லியாக வேண்டும். வழியில் அளவு குறைந்ததென்று ஒருவர் கையிலிருந்த எஞ்சின் ஆயிலை டப்பாவில் ஊற்றிவிட்டார். எங்களிடம் வந்தபோது மூடியின் ரப்பர் வாசர் உப்பி நெளிந்து, மூடிக்குள் உட்காரவே மறுத்தது. மேலே இருக்கும் ரப்பருக்கே அந்தக் கதி என்றால் பெடலோடு இணைந்து திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் காலிப்பருக்குள்ளும் இருப்பவை என்னவாகியிருக்கும்? ரப்பர் பாகங்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே காரைக் கொடுத்தேன். நானூறு, ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. அளவு ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும். பேடு தேய்ந்தால் அளவு இறங்குவது இயல்பு. தேயாமல் இறங்கினால் எங்கோ கசிகிறது.

இனி ஹோஸ். சக்கரத்தைத் திருப்பி வைத்து, ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். முடிபோல வெடிப்பு ஓடினாலோ, ஒருவர் பெடலை மிதிக்கும்போது எங்காவது புடைத்தாலோ அன்றே மாற்ற வேண்டும். வெளியே தெரியாத நோயும் உண்டு. உட்சுவர் பிய்ந்து ஒற்றைவழிக் கதவுபோல ஆகிவிடும். அழுத்தம் போகும், திரும்பி வராது. காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடிக் கொதிக்கும். காலிப்பர் கெட்டுவிட்டதென்று புதிது வாங்கிப் போட்டும் தீராமல் எங்களிடம் வந்தவர்கள் உண்டு.

பிரேக் திரவம் போகும் இரும்புப் பைப்பின் எதிரி உப்புக்காற்று. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் ஓடும் கார்களில், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈர மண் தங்கித் துரு தின்னும். கிளிப்பைக் கழற்றினால்தான் தெரியும். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவைப் பைப் கிடைத்தால் போடலாம், துருப்பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் கூடாது. அதிர்வில் இறுகி வெடிக்கும்.

எஃகு வலை பின்னிய ஹோஸ் கேட்டு இளைஞர்கள் நிறைய வருகிறார்கள். நல்ல தரமானதென்றால் மறுக்கமாட்டேன். அழுத்தத்தில் அது குறைவாகவே விரியும்; பெடல் இறுக்கமாக, காலுக்குச் சொல்படி கேட்கும். ஆனால் கார் நிற்கும் தூரத்தை அது தானாகக் குறைத்துவிடாது. உள்குழாயின் சேதத்தை அந்த வலை மறைத்தும்விடும். பழைய திரவத்தை வைத்துக்கொண்டு இந்த ஹோஸுக்குச் செலவு செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் திரவம், பிறகு மற்றவை. மலையில் அடிக்கடி ஓட்டுபவர்கள் கையேடு அனுமதித்தால் டாட் 5.1-க்கு மாறலாம். டாட் 5 சிலிக்கான் வகை. பெயர் ஒத்திருந்தாலும் இவற்றோடு கலக்கவே கூடாது.

மாற்றும் வேலையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். திரவத்தில் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது உதவியாளர் பெடலை அடிவரை மிதிப்பார். பழைய காரில் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி பல ஆண்டுகளாகப் புழங்காமல் சொரசொரத்துப் போயிருக்கும். அங்கே போய் வந்தால் ரப்பர் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தே நாங்கள் மிதிக்கிறோம். திரவம் காரின் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சீல் உடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த டின்னிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள்.

அன்று வந்தவருக்கு நான்கு சக்கரத்திலும் புதுத் திரவம் வரும்வரை மாற்றிக்கொடுத்தேன். எந்த கியரில் இறங்கினார் என்று கேட்டேன். நான்காவது என்றார். ஏறிய கியரிலேயே இறங்கச் சொன்னேன்; எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். மாற்றிய தேதியை ஒரு வெள்ளை நாடாவில் எழுதி டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டினேன். அவருடைய தாய் இறங்கி வந்து, அந்த நாடாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார்.