காலையில் மட்டும் நடுங்கும் இன்ஜின்

காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி முழுக்க நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடுகிறது), மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் அரைமணி நேரம் ஓட்டிக்கொண்டுதான் பட்டறைக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும், ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ஒரு பிசிறும் இருக்காது. கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேடினால் ஊகம்தான் மிஞ்சும். ஊகத்தில் மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் பணம் கொடுப்பது நீங்கள். அதனால் நான் முதலில் கேட்பதே இதுதான்: வண்டியை இரவே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் நான்தான் முதலில் சாவி போட வேண்டும்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியானால்தான் எரியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி உலோகச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு கூடுதலாகப் பெட்ரோல் விடும், ஐடிலையும் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் ஏற்றி வைக்கும். சூடானதும் 700, 800-க்கு இறங்குவது இயல்பு, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு கூடுதலாக விடுவது என்பதை ஈசியு முக்கியமாக, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. புகையைப் பார்த்துத் திருத்தும் ஆக்சிஜன் சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி சூடான பிறகே வேலைக்கு வரும். அதுவரை கூலன்ட் சென்சார் சொல்வதே வேதவாக்கு.

இரண்டு பட்டறைகளில் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாம் மாற்றிவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஈசியுவில் இருக்கும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் பார்த்தேன். உள்ளே வரும் காற்றின் வெப்பம் 24 டிகிரி, கூலன்ட் 58 டிகிரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், சில டிகிரி முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். சென்சார் பொய் சொல்கிறது, ஈசியுவும் இன்ஜின் பாதி சூடாகிவிட்டது என்று நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. 58 என்பது இன்ஜினில் சாதாரணமாக வரக்கூடிய அளவுதானே, அதனால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சின்ன சென்சார் ஒன்றை மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. இரண்டு நிமிடச் சோதனை இது, அதை முதலிலேயே யாராவது செய்திருந்தால் அவர் அத்தனை செலவு செய்திருக்க வேண்டியதில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்கு அடுத்து நான் அதிகம் பார்ப்பது வேக்கம் லீக். காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களும் கேஸ்கட்டும் வயதாகி இறுகிப்போனால், குளிரில் சுருங்கி இடைவெளி விடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். கணக்கில் வராத காற்று உள்ளே போவதால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகும். ஆக்சிஜன் சென்சார் வேலைக்கு வந்ததும் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், பாருங்கள். ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, 2,500 சுற்றில் பிடித்தால் இறங்குகிறது என்றால் சந்தேகம் இங்கேதான். ஓடும் இன்ஜின் மேல் எரியக்கூடிய ஸ்ப்ரே அடித்து லீக் தேடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி இருக்கிற பட்டறையில் கொடுங்கள்.

உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் குளிரில் ஐடில் தடுமாறும். சுத்தம் செய்தால் போதும், ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் பழுதாகலாம். சுத்தம் செய்த பிறகு ஐடிலைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஸ்கேனரில் பி0301 என்று கோடு (கோளாறைக் காட்டும் குறியீடு) வந்தால் அது முதல் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியாக இருந்தால், அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு, மறுநாள் காலை மறுபடி பாருங்கள். கோடு பி0302-க்கு நகர்ந்தால் குற்றவாளி காயில். நகரவில்லையா, பிளக்கையும் இன்ஜெக்டரையும் அதே மாதிரி மாற்றிப் பாருங்கள், அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கிடையில் இன்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கி உருக்கிவிடும், அது பிளக் மாதிரி மலிவான பாகம் இல்லை.

நான் பயப்படும் காரணம் ஒன்று உண்டு. கூலன்ட் வெளியே எங்கும் ஒழுகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, காலையில் முதல் அரை நிமிடம் மட்டும் நடுக்கம், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை. இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் இரவில் சிலிண்டருக்குள் கசிகிறது என்பதற்கு இதெல்லாம் அடையாளம். குளிர்காலத்தில் சாதாரணமாக வரும் நீராவி வாசனை இல்லாமல் சீக்கிரம் மறைந்துவிடும், இது அப்படியில்லை. கசிவு அதிகமானால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளையும். கூலன்ட் அளவை இன்ஜின் ஆறிய நிலையில் வாரம் ஒருமுறை பாருங்கள், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

இன்னொன்று, பட்டறைக்கு வருவதற்கு முன் ஈசியுவில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழிக்கவோ பேட்டரியைக் கழற்றி மாட்டவோ வேண்டாம். கோடு பதிவான நொடியில் கூலன்ட் எத்தனை டிகிரி, சுற்று எவ்வளவு என்பதெல்லாம் ஈசியுவில் சேர்ந்து பதிவாகியிருக்கும், அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.