பீடோரில் ஒரு சம்பளம், தெலுக் இந்தானில் ஒரு சம்பளமா? ரோட்டு வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகிற 58ஆம் எண் கூட்டரசு சாலையில் காலையிலேயே புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்கும். ஆரஞ்சு நிறச் சட்டை, முகத்துக்கு வலை, காலில் பூட்ஸ். தோட்டத்து வேலையை விட்டு வந்த நம் ஆட்கள் பலர் இப்போது இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். புல் வெட்டுவது, கால்வாய் வாருவது, குழிக்குத் தார் ஊற்றுவது. ரோடு அரசாங்கத்தினுடையது, சம்பளம் கொடுப்பதோ குத்தகை எடுத்த தனியார் கம்பெனி.

இவர்களிடம் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் இன்னும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "இது சின்ன ஊர், இங்கே சம்பளம் கம்மிதான்." இது இப்போது உண்மையில்லை. ஆனால் ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் குழப்பம் போகவே மாட்டேன் என்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் முதலில் 2013இல் வந்தபோது தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா, சரவாக், லாபுவானுக்கு 800 ரிங்கிட். 2016இல் 1,000, 920 என்று ஏறியது. 2019இல் நாடு முழுக்க ஒரே தொகை, 1,100 ஆனது. நல்ல காரியம். ஆனால் ஒரு வருஷம்தான் நிலைத்தது. 2020 பிப்ரவரி 1 முதல் மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் உள்ள இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1,200 ரிங்கிட், மற்ற இடங்களில் 1,100 என்று மறுபடி பிரித்தார்கள்.

நம் ரோட்டில் அந்தக் கோடு எங்கே விழுந்தது தெரியுமா? பீடோர் தாப்பா மாவட்ட மன்றத்தைச் சேர்ந்தது. தெலுக் இந்தான் நகராண்மைக் கழகம். ஒரே ரோடு, ஒரே புல், ஒரே வெயில். இந்தப் பக்கம் 1,100, அந்தப் பக்கம் 1,200. கடையில், தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு வேலை இடம் ஒன்றுதான். ரோட்டு வேலைக்காரருக்கு அப்படியா? காலையில் கொய்யாக் கடைகளுக்கு எதிரே வெட்டுவார், மத்தியானம் லாரி ஏறி எல்லையைத் தாண்டியிருப்பார்.

அந்த 100 ரிங்கிட் எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளத்தை 26 நாளாலும், பிறகு 8 மணி நேரத்தாலும் வகுத்தால் 1,200க்கு மணிக்கு 5.77 ரிங்கிட், 1,100க்கு 5.29. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. ஆக மணிக்கு 8.65க்கும் 7.93க்கும் உள்ள வித்தியாசம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளில் இந்தப் பிரிவினை 2022 ஏப்ரல் வரை 27 மாதம் நீடித்தது. அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் 2,700 ரிங்கிட் குறைவு. தொழிலாளர் சேமநிதியான இபிஎஃப்புக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டில் இன்னொரு 351 ரிங்கிட். அது வயதான காலத்துப் பணம்.

சின்ன ஊரில் செலவு குறைவு என்பதுதான் இதற்குச் சொன்ன நியாயம். வாடகை குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோல் எல்லா ஊரிலும் ஒரே விலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் பிள்ளையைக் கல்லூரியில் விடுவதும் சின்ன ஊர்க்காரருக்குத்தான் தூரம். முதலாளிக்கும் இதில் தலைவலி உண்டு: எந்த ஆள் எந்த நாள் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதி வைக்க வேண்டும். அதை யாராவது ஒழுங்காக எழுதியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அமெரிக்காவிலும் ரோட்டு வேலைக்கு இடம் பார்த்துத்தான் கூலி. 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி, கூட்டரசு பணத்தில் நடக்கும் கட்டுமான வேலைகளுக்கு அந்தந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், குத்தகையிலேயே தொகையை எழுதுகிறார்கள். இடம் பார்த்துக் கொடுப்பதென்றால் இவ்வளவு வேலை இருக்கிறது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2022 மே 1இல் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,500 ரிங்கிட் வந்தபோதே அங்கே ஊர்ப் பிரிவினை போய்விட்டது. அதைவிடச் சின்ன முதலாளிகளுக்கு அது பிறகுதான் போனது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகள் 1,700 கொடுக்க வேண்டும் என்று வந்தது. ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் அதுதான். நாள் கூலி என்றால், வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாளுக்கு 65.38 ரிங்கிட், ஐந்து நாள் வேலைக்கு 78.46. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதேதான். இத்தனை கிலோமீட்டர் வெட்டினால் இவ்வளவு என்று பேசியிருந்தாலும் மாதம் 1,700க்குக் கீழே போகக் கூடாது. பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் நேரடி அரசு ஊழியராக இருப்பவர்களுக்கு மட்டும் தனிச் சம்பள முறை. அவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

இப்போது கோடு வேறு இடத்தில் விழுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, 1,700 போட்டிருக்கான். ஆனா கையில 1,700ஆ வரலியே, ஏன்?" நன்றாகப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 1,400. அதன் கீழே சின்ன எழுத்தில் வருகைப்படி 300. அந்த மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்திருக்கிறார். வருகைப்படி முழுக்கப் போய்விட்டது.

இது தப்பு. 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். வருகைப்படி, சாப்பாட்டுப்படி, ஓவர்டைம் எதையும் கூட்டி அந்தத் தொகையைக் காட்ட முடியாது. சீட்டு கையில் வந்ததும் கீழே உள்ள மொத்தத்தைப் பார்க்காதீர்கள். 'காஜி போக்கோ', அதாவது அடிப்படைச் சம்பளம், என்ற வரியைப் பாருங்கள். இபிஎஃப், சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ பிடித்ததனால் கையில் குறைவது வேறு விஷயம், அது சரிதான்.

அந்த வரி குறைவாக இருந்தால் தொழிலாளர் இலாகாவில், அதாவது ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில், புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. குறைத்துக் கொடுத்த குற்றம் நிரூபணமானால் ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை முதலாளிக்கு அபராதம். பாக்கித் தொகையைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். போகும்போது அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், பேங்க் கணக்கு விவரம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் புகாரில் சொல்லுங்கள். கொடுக்க வேண்டியது சட்டம். முதலாளி சம்பளப் பதிவேடுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், எனவே ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா பதினான்கு மாதச் சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, போட்டோஸ்டாட் எடுத்துவிட்டோம். தொழிலாளர் இலாகாவுக்குப் போக, அடுத்த ஓய்வு நாளுக்கு மறுநாள் லீவு சொல்லியிருக்கிறார்.