தொடாமல் நிற்கும் கற்பூர மரங்கள்

சிரம்பானிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பிக் கேட்டிருந்தார். "போன வாரம் குடும்பத்தோடு கெப்போங் ஃப்ரிம் காட்டுக்கு நடக்கப் போயிருந்தோம். ஓரிடத்தில் அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் இலை அடுத்த மரத்தின் மேல் படவே இல்லை, நடுவில் கோடு கோடாக வானம் தெரிகிறது. ஆள் வைத்து வெட்டிவிடுகிறார்களா சார்?"

யாரும் வெட்டுவதில்லை. பத்து மாடி உயரத்தில் ஏறி ஒவ்வொரு கிளையாக ஓரம் கத்தரிக்க எந்த அரசாங்கத்திடமும் காசு இல்லை. மரங்களே அப்படி நின்றுகொள்கின்றன. கோடையில் வெடித்த ஏரிப் படுகையைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் 'க்ரௌன் ஷைனெஸ்' என்பார்கள், நாம் விதான நாணம் என்று வைத்துக்கொள்வோம் (விதானம் என்றால் மரத்தின் உச்சியில் விரியும் கிளையும் இலையும்). நம்ம தொட்டாச்சிணுங்கியாவது தொட்ட பிறகுதான் சுருங்கும், இது தொடுவதற்கு முன்னாலேயே ஒதுங்கிவிடுகிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ரிம் என்பது மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். கோலாலம்பூர் நடுவிலிருந்து காரில் அரை மணி நேரம், நெரிசல் இல்லாவிட்டால். காலையில் போனால் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், நாசி லெமாக் பொட்டலத்தோடு வரும் குடும்பங்கள் என்று ஒரே கூட்டமாக இருக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு இது 'இயற்கையான' காடு இல்லை என்பது தெரியாது. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்த இடம் இது. 1926-இல் ஃபாக்ஸ்வர்த்தி என்ற வன ஆராய்ச்சியாளர் இதைத் தேர்ந்தெடுத்தார், அப்புறம் ஒவ்வொன்றாக நட்டு வளர்த்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கூட்டம் இன்னும் கூடிவிட்டது. வாசகியின் குடும்பமும் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் போயிருக்கிறது.

அவர் படம் எடுத்த மரத்தின் பெயர் காப்பூர். பெயரைச் சொன்னாலே புரிந்திருக்கும், கற்பூரம்தான். இதன் தண்டு வெடிப்புகளில் உறையும் படிகத்தைத் தேடித்தான் நம் வணிகர்கள் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் வரைக்கும் போனார்கள். அங்கே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. இன்று நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்தது, அது வேறு கதை. கீழே விழுந்து கிடக்கும் காப்பூர் இலை ஒன்றை எடுத்துக் கசக்கி மோந்து பாருங்கள். கோயில் வாசனை வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், மண்ணெண்ணெய் வாடைதான் அடிக்கும்.

சரி, ஏன் தொடுவதில்லை?

சுலபமான பதில், காற்று. மரங்கள் ஆடும்போது நுனிக்கிளைகள் மோதி ஒடிகின்றன, ஒடிந்த இடத்தில் இடைவெளி விழுகிறது. இதற்கு நல்ல ஆதாரமே உண்டு. கோஸ்டா ரிக்காவின் சதுப்பு நிலக் காட்டில் 1980-களில் அளந்து பார்த்தபோது, அதிகம் வளைந்தாடும் மரங்களுக்கு இடையேதான் இடைவெளியும் அதிகம் இருந்தது. கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், பைன் மரங்கள் மோதிக்கொள்ளாதபடி ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துவிட்டார்கள். சில வருடங்களில் விதானம் அடர்ந்து இடைவெளி சுருங்கியது. கயிற்றைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதும் ஆராய்ச்சிதான், சம்பளமும் உண்டு. பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கெப்போங் மரங்களிடம் இந்தப் பதில் ஒட்டவில்லை. பிரான்சிஸ் இங் என்ற தாவரவியலாளர் இதே காப்பூர் மரங்களை ஆராய்ந்து 1977-இல் எழுதினார். நுனிகளில் உரசலின் காயம் இல்லை. ஒடிந்த குச்சியின் தழும்பு இருக்க வேண்டிய இடத்தில், முழுசாக இருக்கும் நுனி வளர்வதை நிறுத்தியிருக்கிறது. அப்படியென்றால் பக்கத்து மரம் நெருங்கிவிட்டது என்று அந்த நுனிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நுனி வெளிச்சத்தை உணர்கிறது என்பது அவருடைய ஊகம்.

கண் இல்லாத குச்சிக்கு எப்படித் தெரியும்? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு வெளிச்சத்தையும் நீல வெளிச்சத்தையும் விழுங்கிவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். சிவப்புக்குச் சற்று அப்பால், 730 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறம் இருக்கிறது. தொலைசிவப்பு என்பார்கள், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இந்த நிறம் இலைக்கு வேண்டாத பண்டம். கொஞ்சத்தை ஊடுருவ விடும், மிச்சத்தைத் திருப்பி வீசிவிடும். அது மட்டும் நமக்குத் தெரிந்தால் காடு பச்சையாக இருக்காது, ஒவ்வொரு மரமும் ட்யூப்லைட் போட்ட மாதிரி பளபளக்கும். ஆக, திறந்த வெயிலில் சிவப்பும் தொலைசிவப்பும் ஏறக்குறைய சமம், இலைக்கூட்டத்துக்குப் பக்கத்தில் போகப்போகச் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு கூடிவிடுகிறது. அடர்ந்த காட்டின் தரையில் இந்த விகிதம் வெகுவாகக் கீழே இறங்கும்.

இந்த விகிதத்தைப் படிக்க ஒவ்வொரு செடியிலும் ஒரு மூலக்கூறு இருக்கிறது, பைட்டோகுரோம். இதற்கு இரண்டே வடிவம். சிவப்பு பட்டால் விழித்த வடிவத்துக்கு மாறும், தொலைசிவப்பு பட்டால் தூங்கும் வடிவத்துக்குத் திரும்பும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் வேளாண் துறை ஆய்வாளர்கள் லெட்டூஸ் கீரை விதையை வைத்து இதன் சுவட்டைப் பிடித்தார்கள். ஈர விதைக்குச் சிறிது நேரம் சிவப்பு காட்டினால் முளைக்கும். உடனே தொலைசிவப்பு காட்டினால் அந்த உத்தரவு ரத்து. மறுபடி சிவப்பு என்றால் முளைக்கும். எத்தனை தடவை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட நிறம் எதுவோ அதைத்தான் விதை கேட்கும். மாடிப்படி விளக்கின் சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடும் குழந்தை கடைசியில் எப்படி விட்டுப் போகிறதோ, அப்படி.

இதில் அழகு என்னவென்றால், பக்கத்து மரத்தின் நிழல் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல வெயிலில் நின்றாலும், எதிர்த்தரப்பு இலைகளிலிருந்து பக்கவாட்டில் தெறித்து வரும் தொலைசிவப்பே போதும். அர்ஜென்டினாவில் பயாரே என்பவரின் குழு 1990-இல் இளஞ்செடிகளிடம் இதைக் காட்டியது. நிழல் விழுமுன்பே செடிக்கு 'அங்கே ஆள் இருக்கிறது' என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் என்ன செய்கிறது? மேலே நீள்கிறது, பக்கக் கிளை விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. தரைச்செடிகளிடம் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. காப்பூரின் நுனி நிற்பதும் இதே பைட்டோகுரோமின் வேலையா, நேரடி நிரூபணம் இன்னும் இல்லை. காற்று ஓரிடத்தில், வெளிச்சம் ஓரிடத்தில், இரண்டும் சேர்ந்து இன்னோர் இடத்தில் என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன்.

கொரோனா சமயத்தில் இந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது, "மரங்களே சமூக இடைவெளி காக்கின்றன" என்று. என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், மரத்தைச் சுற்றி 'ஆரா' இருப்பதாகவும் அதைத்தான் அடுத்த மரம் மதிக்கிறது என்றும் அடித்துச் சொன்னார். மதிப்பாவது மரியாதையாவது, வேருக்குக் கீழே தண்ணீருக்கும் சத்துக்கும் முட்டி மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு வருத்தம் அவர் மேல் இல்லை. 1920-களில் தொடங்கிய நடவு, 1977-இல் அதே மரங்களில் கிடைத்த பதில், இடையில் அரை நூற்றாண்டு. மூன்று வருடத்தில் முடிவு காட்டாவிட்டால் பணத்தை நிறுத்தும் இன்றைய மானிய முறையில் யார் மரம் நட்டுக் காத்திருப்பார்கள்?

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்காக விமானம் ஏற வேண்டாம். 'க்ரௌன் ஷைனெஸ்' என்ற பெயரை 1955-இல் ஜேக்கப்ஸ் என்பவர் ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் மரங்களைப் பார்த்துத்தான் எழுதினார். நீலகிரியில் ஒரே வயது யூக்கலிப்டஸ் தோப்பு கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பாருங்கள். காற்றடங்கிய காலை நேரம் நல்லது. கழுத்து வலிக்கும், அதனால் நான் கைப்பேசியைத் தரையில் மல்லாக்க வைத்து, முன்பக்கக் கேமராவில் பத்து நொடி டைமர் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். போன தடவை எடுத்த ஆறு படங்களில் நான்கில் எறும்புதான் நிற்கிறது.